ஈக்களும் சுகந்த வாசனையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். நோவாவின் கதையைச் சொன்னபோது ஒரு பையன், "இது பாபிலோன்காரங்ககிட்ட காப்பியடிச்சது, யூடியூப்ல பார்த்தேன்" என்றான். ஒரு சிறுமி, "பேழைக்கு வெளியே இருந்த பாப்பாங்க என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. தேவன் இரக்கமுள்ளவர் என்று இதை வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பையன் சொன்னதில் பாதி உண்மை. பழைய அசீரியத் தலைநகரான நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளில் இந்தக் கதை இருப்பதை 1872 டிசம்பர் 3 அன்று லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆய்வாளர் வாசித்துக் காட்டினார். கேட்க வந்தவர்களில் பிரிட்டன் பிரதமர் கிளாட்ஸ்டனும் ஒருவர். படகு, மலை, புறா, காகம், பலி என்று எல்லாம் அதில் உண்டு. இதே கதையைச் சொல்லும் அத்ராகாசிஸ் என்ற பாபிலோனியக் காவியத்துக்கு கி.மு. 17-ஆம் நூற்றாண்டுப் பிரதியே இருக்கிறது. ஆதியாகமம் எழுத்துக்கு வந்தது வெகு காலம் பின்பு. இதை மறுத்து வாதாடுவது வீண். தெரிந்த கதையை எடுத்து எபிரெயர்கள் எதை மாற்றினார்கள் என்று பார்க்கலாம்.

அத்ராகாசிஸில் மனிதர்கள் பெருகிப் போடும் இரைச்சலில் தேவர்களின் தலைவன் என்லிலுக்குத் தூக்கம் வரவில்லை. கொள்ளைநோய், பஞ்சம் எல்லாம் அனுப்பிப் பார்த்துக் கடைசியாக வெள்ளத்தை அனுப்புகிறான். படையல் வைக்க ஆள் இல்லாததால் தேவர்களே பட்டினி. வெள்ளம் வடிந்து பலி எரிந்ததும், வாசனை பிடித்து ஈக்களைப் போல மொய்க்கிறார்கள். ஆனால் அங்கேயும் இரக்கம் இல்லாமல் இல்லை. ஸ்மித் வாசித்த பலகைகளில் இருந்த கில்காமேஷ் காவியத்தில் இஷ்தார் தேவி, தான் பெற்ற மக்கள் மீன்குஞ்சுகளாய்க் கடலை நிரப்பிவிட்டார்களே என்று கதறுகிறாள். பாவம் செய்தவனை மட்டும் தண்டித்திருக்கக் கூடாதா என்று ஏயா என்ற தேவன் என்லிலிடம் சண்டைக்கே போகிறான். நம் பிரசங்கங்களில் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை.

ஆதியாகமம் அந்த வாசனையை வைத்துக்கொண்டு பசியை எடுத்துவிட்டது. கர்த்தர் சுகந்த வாசனையை முகர்கிறார், சாப்பிடவில்லை. அடுத்து அவர் சொல்வதைக் கவனியுங்கள். மனிதனுடைய இருதயத்தின் நினைவெல்லாம் பொல்லாததென்று கண்டு, அவனைப் படைத்ததற்காக மனம் நொந்துதான் 6-ஆம் அதிகாரத்தில் வெள்ளத்தை அனுப்புகிறார். 8:21-இல், மனிதனின் இருதயம் சிறுவயது முதலே பொல்லாததாயிருக்கிறது, ஆகவே இனி பூமியைச் சபிக்கமாட்டேன் என்கிறார். அழித்ததற்கும் அதுதான் காரணம், இனி அழிக்காததற்கும் அதுதான். மனிதன் மாறவில்லை. அவனை இப்படியே சுமப்பதென்று அவர் முடிவெடுக்கிறார். சிலுவை வரை போகும் பாதை இங்கே தொடங்குகிறது என்பது என் வாசிப்பு.

சரி, அந்தச் சிறுமியின் கேள்வி. ஆதியாகமம் அதற்குப் பதில் சொல்லவில்லை. செத்தவர்கள் எல்லாரும் பாவிகள் என்று ஒரு வரியில் முடிக்கிற பதிலை அவளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள், அது பொய்ச்சாட்சி. ஆனால் வேதத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி வேறொரு இடத்தில் திரும்ப வருகிறது. யோனாவின் கடைசி அதிகாரத்தில் ஒரு நகரம் அழிவதை யோனா பார்க்க உட்கார்ந்திருக்கிறான், அது அழியவில்லை, அவனுக்குக் கோபம். வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000-க்கும் அதிகமானவர்களும் இத்தனை மிருகங்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று தேவன் கேட்கிறார். குழந்தைகளைத்தான் சொல்கிறார் என்று பலரும் வாசிப்பதுண்டு. மிருகங்களையும் கணக்கில் சேர்க்கிறார், பேழையில் சேர்த்தது போலவே. அந்த ஊர் நினிவே. ஸ்மித் படித்த பலகைகள் கிடைத்த அதே நினிவே.

அடுத்த வாரம் ஆதியாகமம் 8-ஐயும் யோனா 4-ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பையனிடம் ஈக்கள் கதையையும் சொல்லுங்கள், நிச்சயம் ரசிப்பான்.