தூக்கப் பரிசோதனை செய்யும் நிலையங்களுக்கும் டாக்டர்களுக்கும் அரசுக் கட்டுப்பாடு உண்டா?

கேட்டவர் நாகர்கோவில்காரர். அப்பாவுக்குப் பலத்த குறட்டை, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கிவிடுகிறது, டாக்டர் ‘ஸ்லீப் ஸ்டடி’ எடுக்கச் சொல்லிவிட்டார். இந்தப் பரிசோதனை செய்யும் இடங்களை யாராவது கண்காணிக்கிறார்களா, எதை நம்பி அழைத்துப் போவது என்பது அவருடைய கேள்வி.

கட்டுப்பாடு உண்டு. ஆனால் அது நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. இடத்துக்கு ஒரு சட்டம், டாக்டருக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று, கருவியை மாட்டிவிடும் டெக்னீஷியனுக்கு ஒன்று. அந்த ஓர் இரவில் பதிவானதை ஒருவர் சரியாகப் படித்தாரா என்பதை மட்டும் எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. அந்த இடத்தில் நோயாளியின் வீட்டார்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது என் அண்ணனுக்காக. தேங்காப்பட்டணத்திலிருந்து கேரளச் சந்தைகளுக்கு மீன் ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறார். நம் மாவட்டத்தில் பகல் தூக்கத்தை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. ரப்பர் வெட்டுகிறவர் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார், கடலுக்குப் போகிறவருக்கு இரவு பகல் கணக்கே கிடையாது. அசதி என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த வேலையைப் பார்ப்போம். அண்ணன் விஷயத்தில் மைனிதான் கவனித்துச் சொன்னார்: குறட்டை திடீரென்று நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் மூச்சே இல்லை, பிறகு திணறிக்கொண்டு இழுக்கிறார் என்று.

தெரிந்த ஒருவர் வழியாக, மூச்சுக் கருவி விற்கும் ஒருவர் வீட்டுக்கே வந்தார். சிபேப் என்கிறார்களே, இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி, அதை விற்பவர். பரிசோதனை இலவசம் என்றார். மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒரு பட்டை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு அறிக்கையும் அதோடு ஒரு விலைப்பட்டியலும் வந்தன. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் (ஸ்லீப் ஆப்னியா) தீவிரம் என்று போட்டிருந்தது. எந்த டாக்டரின் பெயரும் இல்லை. இதைப் படித்துப் பார்த்தது யார் என்று மைனி கேட்டார். கருவியே கணக்குப் போட்டுவிடும் என்பது பதில். கையெழுத்து இல்லாத காகிதத்தை நம்பி இவ்வளவு பணம் தரமாட்டேன் என்று மைனி அங்கேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவரை இன்றும் மெச்சுகிறேன்.

பிறகு நுரையீரல் டாக்டர் ஒருவரிடம் காட்டி, மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி முழுப் பரிசோதனை செய்தோம். நோய் இருப்பது உண்மை. ஆனால் நடுத்தரம், அதுவும் பெரும்பாலும் மல்லாந்து படுக்கும்போது. அண்ணன் இப்போது சிபேப் போட்டுத்தான் தூங்குகிறார், நன்றாக இருக்கிறார். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை ஓர் இரவு பார்த்து டாக்டர் முடிவு செய்தார். கருவிமேல் எனக்குப் புகார் கிடையாது. நோயைத் தீர்மானித்தவரும் விற்றவரும் ஒரே ஆளாக இருந்ததுதான் என் புகார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. கிளினிக், மருத்துவமனை, பரிசோதனை மையம் எல்லாம் இதன்கீழ் பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தில் பதிவு தருபவர் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும், நோயாளிகள் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் அதைத் தேடுங்கள், காலாவதித் தேதியைப் படியுங்கள். ஆனால் இந்தப் பதிவு இடம், ஆட்கள், வசதிகள் பற்றியது. தூக்கப் பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதை அது சொல்லித்தருவதில்லை. வீட்டுக்கு வந்து கருவி மாட்டிவிட்டுப் போகிறவர் ஒரு கட்டிடத்தில் இருந்து வேலை செய்வதுமில்லை, அவரிடம் எந்தச் சான்றிதழைக் கேட்பது என்றே மக்களுக்குத் தெரிவதில்லை.

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் நம்மில் ஏராளம். அங்கே சட்டம் வேறு: கேரளத்தின் மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2018. கட்டண விவரத்தை எழுதிவைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அங்கே பரிசோதனை செய்தால் அந்த நிலையத்தைப் பற்றிய புகாரும் அங்குள்ள அதிகாரிகளிடம்தான் போக வேண்டும், நாகர்கோவிலில் எழுதிக் கொடுத்துப் பயனில்லை.

டாக்டர்களைப் பொறுத்தவரை, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பணம் வாங்கிய ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். ஒரு நோயாளியை அனுப்பிவைத்ததற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் அதே விதிகள் தடை செய்கின்றன. தூக்கத்தைப் பார்ப்பவர் நம் ஊரில் பெரும்பாலும் நுரையீரல் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், நரம்பியல் அல்லது மனநல டாக்டராக இருப்பார். அமெரிக்காவில் 2007 முதல் இத்தகைய பல துறைகளின் வாரியங்கள் சேர்ந்து தூக்க மருத்துவத்துக்கு ஒரு தனித் தேர்வு நடத்துகின்றன. இங்கே பலகையில் ‘தூக்க நிபுணர்’ என்று எழுதியிருந்தால், அடிப்படைப் பட்டம் என்ன, தூக்கத்தில் என்ன பயிற்சி என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பதிவைப் படிக்கும் வேலை. மருத்துவமனையில் செய்யும் முழுப் பரிசோதனையில் மூளை மின்னலைகள், கண் அசைவு, தாடைத் தசை, இதயத் துடிப்பு, மூக்கு வழிக் காற்று, மார்பு வயிற்று அசைவு, ரத்த ஆக்சிஜன், கால் அசைவு, படுத்திருக்கும் நிலை எல்லாம் பதிவாகின்றன. அந்தப் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். 8 மணி நேரத்துக்கு 960 துண்டுகள். காற்றோட்டம் 90 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து 10 விநாடியாவது நீடித்தால் அது முழு மூச்சுத் தடை. 30 சதவீதம் குறைந்து, கூடவே ஆக்சிஜனும் இறங்கினால் அது அரைத் தடை. இங்கேதான் சிக்கல். ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினால் போதும் என்பது ஒரு கணக்கு, அதில் தூக்கம் கலைந்தாலும் சேரும். 4 சதவீதம் இறங்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டும் உலகில் புழக்கத்தில் உள்ளவை. ஒரே ஆளின் ஒரே இரவுக்கு இரண்டு வேறு எண்கள் வரும். மணிக்கு 5 முதல் 15 தடை என்றால் லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம் என்று வகைப்படுத்தும்போது, எந்தக் கணக்கு என்பதே ஒருவரை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றிவிடலாம். அறிக்கையில் அது எழுதியிருக்க வேண்டும்.

வீட்டுப் பரிசோதனையில் மூளை அலைகள் பெரும்பாலும் பதிவாவதில்லை. ஆகவே அவர் எவ்வளவு நேரம் உண்மையில் தூங்கினார் என்பது கருவிக்குத் தெரியாது. தடைகளின் எண்ணிக்கையைக் கருவி ஓடிய நேரத்தால் வகுக்கிறார்கள். பாதி இரவு விழித்துக் கிடந்தவருக்கு நோய் குறைவாகத் தெரியும். விரல் கிளிப் நழுவினாலோ, மூக்குக் குழாய் கழன்றாலோ, அதையும் தடையாக எண்ணிவிட வாய்ப்புண்டு, மனிதக் கண் பார்த்துத் திருத்தாவிட்டால். வீட்டுப் பரிசோதனை தேவையில்லாதது என்று சொல்லவில்லை. நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம், வேறு பெரிய இதய, நுரையீரல் நோய் இல்லை என்றால் டாக்டர்களே அதைப் பரிந்துரைக்கிறார்கள், செலவும் குறைவு. ஆனால் டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்டதாக அது இருக்க வேண்டும்.

கருவிகள் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்கீழ் வருகின்றன. விற்பவர் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் மருத்துவச் சாதன விற்பனைக்கான பதிவு வைத்திருக்க வேண்டும், அந்தச் சான்று எம்.டி.-42 என்ற படிவத்தில் இருக்கும். அது விற்பதற்கான அனுமதி மட்டுமே, நோயைத் தீர்மானிக்கும் உரிமை அதில் இல்லை. பில்லில் கருவியின் வரிசை எண் இருக்கட்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் மூச்சுக் கருவிகளுக்குள் இருக்கும் நுரைப் பொருள் சிதையும் அபாயத்துக்காகப் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, தன் கருவி அதில் சேருமா என்று பார்க்க அந்த எண்தான் உதவியது.

அமெரிக்காவில் பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் ஒரு விதி இருக்கிறது. சிபேப் கருவியை வழங்கும் நிறுவனமே வீட்டுப் பரிசோதனையையும் செய்திருந்தால் அந்தக் கருவிக்குப் பணம் தரமாட்டார்கள். இது நம் மாநிலத்துக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எழுதுவதற்கு ஒரு வரி, தடுப்பதோ எத்தனையோ குடும்பங்களின் கடன்.

டெக்னீஷியன்களைப் பற்றிச் சுருக்கமாக. கலிபோர்னியாவில் இவர்கள் மாநில மருத்துவ வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் தூக்க ஆய்வகத் தொழில்நுட்பரின் பெயரும் இருக்கிறது. என்ன படித்தீர்கள் என்று அவரிடமும் கேட்கலாம்.

உங்கள் அப்பாவை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், பிறகுதான் பரிசோதனை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ தொடங்கலாம். அப்பாவோடு ஒரே அறையில் தூங்குபவர் யாரோ அவரும் கூடப் போக வேண்டும், மூச்சு நிற்பதைப் பார்த்தவர் அவர்தானே. தனியார் இடம் என்றால் இரவில் யார் விழித்திருந்து கவனிப்பார், பதிவை யார் படிப்பார், எத்தனை நாளில் கையெழுத்தோடு தருவார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அறிக்கையின் முதல் பக்கம் மட்டும் போதாது, எல்லாப் பக்கங்களையும் வாங்குங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன 2002 விதிகள் சொல்கின்றன. கேட்பதை எழுத்தில் கேளுங்கள்.

தவறு நடந்தால், நிலையத்தைப் பற்றி இணை இயக்குநருக்கும், டாக்டரைப் பற்றி மருத்துவ கவுன்சிலுக்கும், விற்பனையாளரைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதலாம். பணம் திரும்ப வேண்டுமானால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

அப்பா பைக்கோ காரோ ஓட்டுகிறவர் என்றால், பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.