மரக்கன்றும் மின்கட்டணச் சீட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் ஞாயிறன்று படைப்புக்கான சிறப்புத் திருப்பலி நடக்கிறது. முடிந்ததும் கோயில் வளாகத்தில் மரக்கன்று நடுவோம், படம் எடுத்துக்கொள்வோம், கலைந்துபோவோம். போன ஆண்டு நட்ட பன்னிரண்டு கன்றுகளில் இரண்டுதான் இப்போது உயிரோடு இருக்கின்றன. இதைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் சொன்னேன். நான் மிகவும் மதிக்கும் பெரியவர் ஒருவர், "ஆன்மாக்களை மீட்பதுதான் திருச்சபையின் வேலை, காலநிலை எல்லாம் அரசியல்" என்றார். இன்னொருவர், "நாம் நாலு பேர் விளக்கை அணைத்தால் உலகம் குளிர்ந்துவிடுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது விசுவாசத்தின் பகுதிதானா, இல்லை காலத்துக்கு ஏற்ற மோஸ்தரா? பங்கு ஒன்றால் உண்மையில் என்னதான் செய்ய முடியும்?

ஸ்டெல்லா

அன்புள்ள ஸ்டெல்லா,

முதலில் அந்தப் பத்துக் கன்றுகளைப் பற்றிப் பேசிவிடலாம். அவை செத்ததற்கு உங்கள் பங்கு மக்களின் அக்கறையின்மை காரணம் என்று நான் நினைக்கவில்லை. நட்ட அன்று அத்தனை பேர் நின்றிருக்கிறீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை யார் தண்ணீர் ஊற்றுவது என்று மட்டும் யாரும் பேசி முடிவு செய்யவில்லை. ஒரு கன்றுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆள் வேண்டும். ஒரு கன்றுக்கு ஒரு குடும்பம், விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பக்கத்துக் குடும்பம் என்று பெயர் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் எட்டுக் கன்றுகளாவது பிழைத்திருக்கும். இந்த விஷயம் முழுவதிலும் நான் சொல்ல நினைப்பது ஏறக்குறைய இதுதான். நல்ல மனம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சேர்ந்து, முறை வைத்து, மாதக்கணக்கில் செய்யப் பழகவில்லை.

இனி பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதில் தவறில்லை. திருச்சபை எதற்காக இருக்கிறது என்று கவலைப்படுபவர்தான் அப்படிக் கேட்பார். ஆனால் இது நேற்றுக் கிளம்பிய பேச்சு என்று அவர் நினைத்தால், அப்படி இல்லை. 1971-இலேயே திருத்தந்தை ஆறாம் பவுல், மனிதன் இயற்கையை யோசனையின்றிச் சுரண்டி அதன் சீரழிவுக்குத் தானே பலியாகிறான் என்று எழுதிவிட்டார். இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 1990-ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தி முழுவதையும் படைப்போடு சமாதானம் என்பதற்கே கொடுத்தார். பதினாறாம் பெனடிக்ட் 2008-இல் வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரையில் சுமார் 2,400 சூரியத் தகடுகள் போட வைத்தார். இவர்களில் யாரையும் மோஸ்தருக்குப் பின்னால் போனவர்கள் என்று உங்கள் பெரியவர் சொல்லமாட்டார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் திருச்சபை முழுவதற்கும் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல் இந்த வரிசையில்தான் வருகிறது. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் பூமியைக் கீழ்ப்படுத்துங்கள் என்று வருகிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்யலாம் என்று படிப்பது சரியான வாசிப்பு இல்லை என்று அவர் அதில் சொல்கிறார். இரண்டாம் அதிகாரத்தின் பதினைந்தாம் வசனத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார். ஏதேன் தோட்டம் மனிதனுக்குத் தரப்பட்டது, பண்படுத்தவும் பாதுகாக்கவும். இரண்டு வினைச்சொற்கள். முதலாவதை நாம் நன்றாகவே செய்தோம். இரண்டாவதைப் பாதிரியார்கள் மறையுரையில் சொல்லி நான் சிறுவயதில் கேட்ட நினைவே இல்லை.

ஆன்மா என்று பேசினால் எனக்கு மத்தேயு 25-ஆம் அதிகாரம்தான் முன்னால் வந்து நிற்கிறது. தாகமாய் இருந்தேன், தண்ணீர் கொடுத்தீர்களா என்பதுதான் அங்கே இறுதித் தீர்ப்பின் கேள்வி. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதில் மிகக் குறைவாகச் சேர்த்தவர்களின் கிணறுதான் முதலில் வற்றுகிறது, அவர்களின் வீட்டுக்குள்தான் கடல் முதலில் வருகிறது. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று அந்தச் சுற்றுமடல் சொல்வது இதனால்தான். அயலானின் தண்ணீர் நான் வாழும் விதத்தால் குறைகிறது என்று தெரிந்த பிறகு, அது என் பாவ சங்கீர்த்தனத்துக்குள் வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாமவரின் கேள்வி இன்னும் கடினமானது. நாலு பேர் விளக்கை அணைத்தால் என்ன ஆகும்? அவர் பாதி சரி. தனி மனிதர்களின் நல்ல செயல்களைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, சமூகச் சிக்கலுக்குச் சமூகமாகத்தான் விடை தேட வேண்டும், மனமாற்றமும் சமூகத்தின் மனமாற்றமாக இருக்க வேண்டும் என்று அதே சுற்றுமடலின் 219-ஆம் பத்தி சொல்கிறது. விளக்கை அணைப்பது போன்ற சின்னச் செயல்களை அது தள்ளிவிடவும் இல்லை, நாம் அறியாத விதத்தில் அவை பரவும் என்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதே என்கிறது.

அப்படியென்றால் "வீட்டில் நான் என்ன செய்வது?" என்பதோடு "நமக்குப் பொதுவாக இருப்பதை வைத்து நாம் என்ன செய்கிறோம்?" என்றும் பங்கு கேட்க வேண்டும். நமக்குப் பொதுவாக ஒரு கூரை இருக்கிறது. கொஞ்சம் நிலம், கல்லறைத் தோட்டம், வங்கியில் பணம், வாரம் ஒருமுறை கூடும் கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு ஒரு குரல் எல்லாம் இருக்கின்றன. உலகத்தில் 140 கோடிக் கத்தோலிக்கர்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகள். இத்தனை இடங்களில் வாரம் தவறாமல் கூடும் அமைப்பு வேறு எத்தனை உண்டு?

எங்கள் பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஏழு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். முதல் மூன்று கூட்டங்கள் வெறும் பேச்சு. நான்காவது கூட்டத்துக்கு, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர், பங்கு அலுவலகத்தில் கேட்டு வாங்கிய, கோயிலின் பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். யாரும் எதிர்பார்க்காத ஒன்று அதில் இருந்தது. ஞாயிறு தவிர ஆளே இல்லாத கட்டடம், ஆனால் எந்த மாதக் கணக்கும் குறைவாக இல்லை. அப்படியென்றால் யாரும் இல்லாதபோதும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு புதன்கிழமை மதியம் நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே போனோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தோம், சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அறையாகத் தேடினோம். மன்றத்துச் சமையலறையில் பெரிய குளிர்பதனப் பெட்டி ஒன்று, உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கச் சுவரில் 100 வாட் விளக்கு ஒன்று பட்டப்பகலில் எரிந்தது. அதன் சுவிட்ச் பழைய பீரோவுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

அக்கா அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். பகலில் 12 மணி நேரம் வீணாக எரிந்தால் நாளுக்கு 1.2 யூனிட், ஆண்டுக்கு 438 யூனிட். ஒரே ஒரு விளக்கு. பீரோவை நகர்த்தியபோது எங்கள் ஏழு பேருக்கும் வந்த உற்சாகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தக் கணக்கைத் திருப்பலி முடிவில் அறிவிப்பாக வாசித்தோம். வாசித்து முடித்ததும் மூன்று பேர் வந்து, எங்கள் வீட்டையும் இப்படிப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ஏழு பேர் பத்துப் பேரானோம். கூரையில் சூரியத் தகடு போடலாமா என்ற பேச்சு ஓராண்டு கழித்துத்தான் வந்தது. அதற்குள் எங்களிடம் எண்கள் இருந்ததால், பேரவையில் யாரும் அதை அரசியல் என்று சொல்லவில்லை.

நிலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. அயர்லாந்து ஆயர்கள், கோயில் வளாக நிலத்தில் 30 விழுக்காட்டை 2030-க்குள் இயற்கைக்கே திருப்பிக் கொடுங்கள் என்று பங்குகளைக் கேட்டுக்கொண்டார்கள். சில மூலைகளில் புல்லை வெட்டாமல் விட்டால் காட்டுப்பூ வரும், தேனீ வரும். இதற்குச் செலவே கிடையாது. உங்கள் வளாகத்திலும் எந்த மூலையைச் சும்மா விடலாம் என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

பணம் என்றால் எல்லோரும் கொஞ்சம் நெளிகிறோம். ஆனாலும் பேச வேண்டும். அதே அயர்லாந்து ஆயர் பேரவை, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து தன் முதலீடுகளை விலக்கிக்கொள்வதாக 2018-இல் அறிவித்தது. பிலிப்பைன்ஸ் ஆயர்கள் 2022 தொடக்கத்தில், சுரங்கம் போன்ற தொழில்களிலிருந்து நன்கொடையே வாங்கமாட்டோம் என்றார்கள். புயலில் கூரை பறந்த கோயில்களைக் கட்டப் பணம் தேடும் நாட்டின் ஆயர்கள் இதைச் சொன்னார்கள் என்பது என்னை மிகவும் தொட்டது. உங்கள் பங்கின் சேமிப்பு எந்த வங்கியில் இருக்கிறது, அந்த வங்கி எதற்குக் கடன் கொடுக்கிறது என்று கேட்பது நாகரிகக் குறைவு இல்லை.

இப்போது குரல். "அரசியல்" என்ற சொல் உங்கள் கூட்டத்தை அடைத்துவிட்டது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல் சால்வடோர் மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. தலைநகருக்குக் குடிநீர் தருவதில் பெரும்பங்கு லெம்பா ஆற்றுக்கு உண்டு. அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தங்கச் சுரங்கம் தோண்ட நிறுவனங்கள் வந்தன. கல்லிலிருந்து தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு வேண்டும். 2007-இல் அந்த நாட்டு ஆயர்கள் எல்லோரும் சேர்ந்து, சுரங்கம் வேண்டாம் என்று அறிக்கை விட்டார்கள். அப்போது சான் சால்வடோர் பேராயராக இருந்த சாயென்ஸ் லக்காயே புரட்சிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாதவர். ஓப்புஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பிலிருந்து வந்தவர், பழமைப் போக்குள்ளவர் என்றே பெயர். ஆனால் அவர் வேதியியல் படித்தவர். சயனைடு தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள். சுரங்கத்தை எதிர்த்த சிலர் கொல்லப்பட்டார்கள். சிற்றூர்களின் மக்கள் விடவில்லை, பங்குகளும் விடவில்லை. 2017 மார்ச்சில் அடுத்து வந்த பேராயர் எஸ்கோபர் அலாஸ் மக்களோடு நடந்து சட்டமன்றத்துக்குப் போய், சட்ட வரைவைக் கொடுத்தார். அதை எழுதியதில் இயேசு சபையாரின் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு இருந்தது. அதே மாதம் 29-ஆம் தேதி, எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழாமல் சட்டம் நிறைவேறியது. உலோகச் சுரங்கத்தை முழுக்கத் தடைசெய்த முதல் நாடு அதுதான்.

இதை இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும், ஆனால் உங்களிடம் முழுவதையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில், பின்னர் வந்த அரசு அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆயர்கள் மறுபடியும் பங்கு பங்காகக் கையெழுத்து வாங்கினார்கள். பத்தாண்டு உழைத்து வென்றதை ஒரே நாளில் இழந்த பிறகு மறுபடி மேசை போட்டு, பேனாவோடு உட்கார்ந்தவர்களை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. தாங்கள் குடிக்கும் தண்ணீருக்காக அவர்கள் அதைச் செய்தார்கள். அதை அரசியல் என்று சொன்னால் சொல்லட்டும், எனக்கு அது மன்றாட்டின் தொடர்ச்சியாகவே தெரிகிறது.

தனியாக நின்றவர்களும் உண்டு. பிரேசிலின் அனாப்பு பகுதியில் காட்டையும் ஏழைக் குடியானவர்களையும் காக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் அமேசான் காட்டில் உழைத்த அருள்சகோதரி டாரத்தி ஸ்டாங், 2005 பிப்ரவரி 12 அன்று 73 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொல்ல வந்தவர்களுக்கு அவர் கையிலிருந்த விவிலியத்திலிருந்து வாசித்துக் காட்டினார். "ஆன்மாக்களை மீட்பதுதான் வேலை" என்று சொன்ன பெரியவரிடம் இவரைப் பற்றி வாதமாகச் சொல்லாமல் சும்மா ஒரு கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், அந்த ஞாயிற்றுத் திருப்பலியை விட்டுவிடாதீர்கள். செப்டம்பர் 1 முதல், அசிசியாரின் திருநாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான செப நாளாக முதலில் 1989-இல் கொண்டுவந்தது கான்ஸ்டான்டினோப்பிளின் மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபை. 2015-இல் பிரான்சிஸ் அதைக் கத்தோலிக்கர்களுக்கும் ஆக்கினார். ஆகவே பக்கத்தில் வேறு சபைக் கோயில் இருந்தால் அவர்களையும் கூப்பிடலாம். வீடுகளுக்குப் போய் மீட்டர் பார்க்க ஆள் கூடுவார்கள் என்பது இதில் எனக்குத் தெரிந்த நல்ல பலன்.

இளைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் குழுவில் முதல் நாளிலிருந்தே இரண்டு பேராவது இருக்கட்டும், குறிப்பெடுக்க மட்டும் அல்ல, முடிவெடுக்கவும். கூரைத் தகட்டுக்குக் கணக்குப் போட்டது எங்கள் பங்கில் பத்தொன்பது வயதுப் பெண்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் காலநிலை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகளை மட்டும் பார்க்கக் கேளுங்கள். பங்குத்தந்தை மறுக்கமாட்டார், செலவு குறைந்தால் அவருக்கும் நிம்மதி. பிழைத்திருக்கும் இரண்டு கன்றுகளுக்கு இந்த வாரம் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் அதே கூட்டத்தில் பெயர் எழுதி முடித்துவிடுங்கள். சீட்டுகளில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்