இரவில் காலைக் கடிக்கும் பூனை: விளையாட்டால் எப்படிப் பழக்குவது?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. எங்கள் கடுவன் பூனைக்கு இரண்டு வயது. கருத்தடை செய்தாயிற்று, வெளியே விடுவதில்லை. பகல் முழுக்கத் தூங்குகிறான். ராத்திரி விளக்கை அணைத்ததும் காலில் பாய்ந்து கடிக்கிறான். விடிகாலை நாலு மணிக்குக் கத்தி எழுப்புகிறான். எடையும் ஏறிக்கொண்டே போகிறது. வாங்கிக் கொடுத்த பொம்மைகளை ஒரு நாளோடு விட்டுவிடுகிறான். அடிக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அடிக்காமல் இருந்தது ரொம்ப நல்லது. அடி வாங்கிய பூனை கடிப்பதை நிறுத்தாது, உங்களைக் கண்டால் ஒளியத்தான் கற்றுக்கொள்ளும். இவனுக்குக் கோபமும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. வேட்டையாடப் பிறந்த விலங்குக்கு உங்கள் வீட்டில் ஓடுகிற இரை என்று இருப்பது உங்கள் கால் மட்டும்தான். அந்தி சாயும் நேரமும் விடிகாலையும்தான் பூனைக்கு உடம்பு முறுக்கேறும் நேரம். நாலு மணிக் கச்சேரிக்குக் காரணம் அதுதான்.

வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, பாய்வது, பிடித்துக் கடிப்பது, தின்பது, அப்புறம் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்குவது. இந்த வரிசை முழுசாக நடந்தால்தான் பூனை அடங்கும். பந்தை உருட்டிப் போட்டுவிட்டு நாம் போனைப் பார்க்கப் போய்விட்டால் அது நடக்காது. இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் உரிமையாளர் கூட விளையாடிய பூனைகள் வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு வரும் இரை 25 சதவீதம் குறைந்தது. வேட்டை ஆசையில் ஒரு பங்கை விளையாட்டால் தணிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஒரு குச்சி, அதில் கெட்டியான கயிறு, நுனியில் சுண்டெலி அளவுக்கு ஒரு துணி முடிச்சு. இது போதும். ஆட்டிக் காட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் பொம்மையைப் பூனையின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலியும் பூனையின் வாய்க்கு நேரே ஓடி வராது. பூனையை விட்டு விலகி ஓட வேண்டும், திடீரென நிற்க வேண்டும், சோபாக் காலுக்குப் பின்னால் போய்ப் பாதி மறைந்து லேசாக நடுங்க வேண்டும். பழைய செய்தித்தாளுக்கு அடியில் விட்டுச் சரசரக்க வையுங்கள், கிறங்கிப்போவான். கண்மணி அகலும், காது முன்னால் திரும்பும், பின்பக்கம் இடமும் வலமும் அசையும். பாயப் போகிறான் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவசரப்பட்டுப் பொம்மையை இழுத்துவிடாதீர்கள். அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறான், விளையாட மாட்டேன் என்கிறான் என்று என்னிடம் சொல்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பார்வையும் விளையாட்டுதான்.

நடுநடுவே பிடிக்க விடுங்கள், பல்லால் கவ்வி உதைக்கட்டும். முடிக்கும்போது இரை களைத்ததுபோல வேகத்தைக் குறைத்து, கடைசிப் பிடி அவனுடையதாக இருக்கட்டும். உடனே சாப்பாடு. நீங்கள் படுக்கப் போவதற்கு முன்னால் இதைச் செய்தால் இரவுத் தூக்கம் தானாக நீளும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பூனை நீண்ட நேரம் ஓடும் விலங்கு இல்லை, சின்னச் சின்னப் பாய்ச்சல்தான் அதன் உடற்பயிற்சி. நாலு மணிக்குக் கத்தினால் எழுந்து சாப்பாடு வைக்காதீர்கள். வைத்தால், கத்தினால் கிடைக்கும் என்று நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். முதல் சில நாள் சத்தம் கூடும், அதற்கு மசிந்துவிடக் கூடாது.

லேசர் விளக்கை நான் அவ்வளவாகச் சொல்வதில்லை. எவ்வளவு துரத்தினாலும் கையில் ஒன்றும் அகப்படாது. சில பூனைகள் அப்புறம் சுவரில் நிழலைத் தேடி ஏங்கிக்கொண்டே இருக்கும்.

பொம்மை ஒரே நாளில் சலிப்பதும் இயல்பு. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2002-இல் இதைக் காட்டியது: ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஆர்வம் மங்குகிறது, கொஞ்ச நேரத்திலேயே வேறு பொம்மையைக் காட்டினால் மறுபடி கிளம்புகிறது. அதனால் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைக்காமல் பெட்டியில் போட்டு, மாற்றி மாற்றி எடுங்கள்.

விளையாடி முடித்ததும் கயிற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும். தையல் நூல், பூக்கட்டும் நூல், ரப்பர் பேண்ட் எல்லாவற்றிலும் இந்த ஜாக்கிரதை தேவை. பூனையின் நாக்கில் முள் எல்லாம் உள்பக்கம் வளைந்திருக்கும். வாயில் போன நூலைத் துப்புவது கஷ்டம், விழுங்கத்தான் செய்யும். ஒரு முனை நாக்கடியில் சிக்கி மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் நாடா கோத்த பாவாடை போலச் சுருங்கி, நூல் அதை அறுத்தே விடலாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூன்றாவது மாடி என்பதால் பால்கனிக்கு வலையும் அவசியம்.

கையையும் காலையும் பொம்மையாக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருமே விட வேண்டும். கடித்தால் வெடுக்கென இழுக்காதீர்கள், இழுத்தால் இரை ஓடுகிறது என்று இன்னும் இறுக்குவான். சிலைபோல நின்று, பிடி தளர்ந்ததும் வேறு பக்கம் பொம்மையை எறியுங்கள். தண்ணீர் தெளிப்பதெல்லாம் வேண்டாம்.

இதோடு பயிற்சியும் சேரட்டும். நீளமான கரண்டியின் நுனியை மூக்குக்கு முன் நீட்டுங்கள். மோந்து பார்த்த நொடியில் நாக்கால் ‘டக்’ என்று ஒலி எழுப்பி, கடலைப் பருப்பு அளவு வேகவைத்த கோழி கொடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. கரண்டியைத் தொடப் பழகியவனை அதைக் காட்டியே ஸ்டூலில் ஏற்றலாம், இறக்கலாம், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கூடைக்குள்ளும் சண்டையில்லாமல் அழைக்கலாம்.

எடையைப் பொறுத்தவரை விளையாட்டு மட்டும் போதாது. கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான உணவு குறைகிறது, பசியோ கூடுகிறது. தட்டை நிரப்பி வைக்காமல், மருத்துவர் சொல்லும் அளவை எடைபோட்டுப் பிரித்துக் கொடுங்கள். பயிற்சிக்குத் தரும் கோழியும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் பட்டினி போடக் கூடாது. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். விளையாடும்போது வாயைத் திறந்து இரைத்தால் உடனே நிறுத்திவிட்டு, இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

கத்தலில் இன்னொன்றையும் கவனியுங்கள். மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் கத்துகிறான் என்றால், அது விளையாட்டால் தீரும் விஷயம் இல்லை. கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த நேரமே, நள்ளிரவாக இருந்தாலும், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.