அப்பா காய் வாங்கப் போகட்டும்

அன்புள்ள சார்,
அப்பாவுக்கு 72 வயது. அம்மாவோடு சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறார். ஷூ, ஸ்டெப்ஸ் எண்ணும் வாட்ச் எல்லாம் வாங்கிக் கொடுத்தும் வாக்கிங் போக மறுக்கிறார். 'தினம் 10,000 ஸ்டெப்ஸ்' என்றாலே எரிந்து விழுகிறார். காய், மளிகை, மருந்து எல்லாம் நானே இங்கிருந்து ஆர்டர் போட்டுவிடுகிறேன்; அவருக்கு ஒரு அலைச்சலும் இல்லை. ஏற்காட்டில் வீடு பிடித்துத் தங்கவைத்தால் நடப்பாரா?
ஆர்., பெங்களூர்

அன்புள்ள ஆர்.,

ஏற்காட்டை விடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், பேச ஆளில்லாமல் போர்வைக்குள்தான் கிடப்பார். 10,000 என்பதும் 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வந்தவர்கள் பிடித்த கணக்கு, டாக்டர் எழுதிய சீட்டு அல்ல.

எனக்குச் சுருக்கென்றது 'ஒரு அலைச்சலும் இல்லை' என்ற வரிதான். சந்தைக்குப் போகிற காலைக் கட்டிப்போட்டுவிட்டு அதே காலுக்கு ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களே!

அம்மாபேட்டையில் என் பெரியப்பா குழித்தறி நெய்தவர். குழிக்குள் கால் மாற்றி மாற்றி மிதிப்பார். வெற்றிலை போட எழுந்தால் இரண்டு கையையும் தரையில் ஊன்றி ஒரே எம்பில் மேலே வருவார். வாக்கிங் என்று ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பிள்ளைகள் தலையெடுத்ததும், 'போதும்ப்பா, உட்காருங்க' என்று தறியைப் பிரித்து விற்றார்கள். பாசம்தான், வேறென்ன. வாசலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அடுத்த தீபாவளிக்குள் அதிலிருந்து எழவே யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் குளியலறையில் விழுந்தார். தரை வழுக்கிவிட்டது என்றார்கள். தொடையில் சதையே இல்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

வயசானால் அப்படித்தான் என்று என்னிடம் வராதீர்கள். 1990-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. உலக சுகாதார நிறுவனமும் 65 தாண்டியவர்களுக்கு நடை மட்டும் போதும் என்று விடவில்லை. வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் வாரம் 3 நாளாவது பயிற்சி வேண்டும் என்கிறது. கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதும் பயிற்சிதான். முட்டிவலி, நெஞ்சுவலி இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையும் போனில் விரட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் காய்கறி ஆர்டரை நிறுத்துங்கள். அஸ்தம்பட்டியிலேயே உழவர் சந்தை இருக்கிறது. காலையில் மஞ்சப்பையை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சொத்தைக் கத்தரிக்காயாகவே பார்த்து வாங்கி வந்தாலும் சரி, நீங்களும் அம்மாவும் வாயைத் திறக்கக் கூடாது.