குழந்தைகளுக்கு டேப்லெட்டைப் பிரிக்காமல் பரிசளிப்பதா, தயார் செய்து கொடுப்பதா?

கேள்வி: அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் (3-ஆம் வகுப்பு, 7-ஆம் வகுப்பு) தீபாவளிக்கு ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கியிருக்கிறேன். பெட்டியைப் பிரிக்காமல் கொடுத்தால்தான் பரிசு மாதிரி இருக்கும் என்கிறார் மனைவி. எல்லாம் போட்டுத் தயார் செய்து கொடுப்பது நல்லதா? என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்:

பிரித்துவிடுங்கள். எல்லாம் முடித்தபின் அதே பெட்டியில் வைத்து ஜிகினாத் தாள் சுற்றிவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பிரிக்காமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. சேலம் லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அக்காவை ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் ரைட்டர். பெண் அப்போது ஆறாவது, பையன் மூன்றாவது. தாய்மாமன் என்று ஒருத்தன் இருந்தால் ஏதாவது செய்ய வேண்டாமா என்று போனஸ் வந்த கையோடு இரண்டு டேப்லெட் வாங்கி, சீல்கூட உடைக்காமல், ஒரு பொட்டலம் தட்டுவடையோடு பைக்கில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் கொடுத்தேன்.

ஆன் செய்ததும் அது முதலில் கேட்டது வைஃபை. அந்த வீட்டில் ஏது வைஃபை? அக்கா ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டோம். சிக்னல் திண்ணையின் ஒரு மூலையில்தான் நிற்கும், அதனால் தீபாவளி ராத்திரி குடும்பமே அந்த மூலையில் உட்கார்ந்திருந்தது. சிஸ்டம் அப்டேட் ஓடியது. அது முடிவதற்குள் கூடவே வந்த ஆப்கள் ஒவ்வொன்றாக அப்டேட் ஆக ஆரம்பித்தன. அக்காவின் ‘ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி’ முக்கால் மணி நேரத்தில் காலி. சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்தபடி பையன் தூங்கிப்போனான். “இதுக்கு ரெண்டு பெட்டி வெடி வாங்கியாந்திருக்கலாம் மாப்ளே, இந்நேரம் வெடிச்சு முடிச்சிருப்பானுங்க” என்றார் அக்கா வீட்டுக்காரர். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆக, நல்ல பிராட்பேண்ட் உள்ள வீட்டில் ஒரு ராத்திரி சார்ஜில் போட்டு விட்டுவிடுங்கள். ஒரு அப்டேட் முடிந்ததும் அடுத்தது வந்து நிற்கும், காலையில் இன்னொரு தடவை பாருங்கள். பெட்டிக்குள் திரும்ப வைக்கும்போது சார்ஜ் நிறைய இருக்கட்டும்.

அது சின்ன விஷயம். இனிமேல் சொல்லப்போவதுதான் பெரிது: யாருடைய கணக்கில் டேப்லெட் ஓடப்போகிறது?

மறுநாள் டேட்டா திரும்ப வந்ததும், எனக்குச் சாயங்காலம் மலை இறங்க வேண்டிய அவசரம். ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என்று இரண்டிலும் என் ஜிமெயிலையே போட்டுவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். “டேய், உன் ஃபோட்டோவெல்லாம் இங்க வருதுடா. ஒகேனக்கல் எப்படா போன?” அவளிடம் சொல்லாமல் நண்பர்களோடு போய் வந்தது. சிரித்துச் சமாளித்துவிட்டு யோசித்தால் வயிற்றைக் கலக்கியது. ஃபோட்டோ மட்டுமா போயிருக்கும்? குரோமில் நான் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள், மெயில், மண்டி பில்கள் எல்லாமே ஒரு எட்டு வயதுப் பையன் கையில். என் பக்கம் வேறு கூத்து. மண்டியில் மதியம் யூடியூபைத் திறந்தால் வரிசையாகப் பொம்மைப் பெட்டி பிரிக்கும் வீடியோக்கள். பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டையும் திரும்ப வாங்கி வந்தேன். கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாமன் என்ற பெயர் அன்றைக்கு வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

இந்தத் தடவை விசாரித்துவிட்டுச் செய்தேன். 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் கூகுளில் தனியாகக் குழந்தைக் கணக்கு உண்டு. பெரியவர் ஒருவருடைய கணக்கின் கீழ்தான் அது உருவாகும். அந்தப் பெரியவர் தன் ஃபோனில் ஃபேமிலி லிங்க் ஆப் வைத்துக்கொண்டால், எந்த ஆப் இறங்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்கு டேப்லெட் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். காசு கிடையாது. பிறந்த தேதியை மட்டும் உண்மையாகப் போடுங்கள். ‘எதற்கு வம்பு’ என்று பெரிய வயதாகப் போட்டால் அது சாதாரணக் கணக்காகிவிடும்.

சரி என்று இரண்டு குழந்தைக் கணக்கு போட்டேன். எங்கே போட்டேன்? என் கணக்கின் கீழ். மறுபடியும் கோட்டைவிட்டது அங்கேதான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு விளையாட்டு ஆப் இறங்க வேண்டுமென்றால்கூட அனுமதி கேட்டு அறிவிப்பு எனக்கு வரும். சரக்கு இறங்குகிற நேரத்தில் ஃபோன் ‘டிங்’ என்னும், பையன் ஏதோ லாரி ஓட்டும் கேம் கேட்டிருப்பான். பாதி நாள் பார்க்காமலே அனுமதி கொடுத்தேன், மீதி நாள் பார்க்கவே இல்லை. ஒரு மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாள், ஃபோனை சைலண்டில் போட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்துப் பெண் ஏதோ பள்ளி வேலைக்காக இன்னும் அரை மணி நேரம் கேட்டிருக்கிறாள். டேப்லெட் பூட்டிக்கிடக்கிறது, நான் எடுக்கவில்லை, பிள்ளை அழுகிறது. ராத்திரி அக்கா கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: “என் பிள்ளைக்கு நேரம் குடுக்க நான் உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?”

நியாயமான கேள்வி. டேப்லெட்டைக் கொடுத்தேனே தவிர அதன் சாவியைக் கொடுக்கவில்லை. சித்தப்பா, மாமா, அத்தை என்று யார் பரிசு கொடுத்தாலும் பெரும்பாலும் இந்தத் தப்பைத்தான் செய்வோம், நமக்குத்தானே ‘அதெல்லாம் தெரியும்’.

அந்தக் கணக்குகளை அழித்து, டேப்லெட்டையும் ஃபேக்டரி ரீசெட் செய்து (உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது), அக்காவின் ஜிமெயிலின் கீழ் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். குடும்பக் குழுவில் அக்கா வீட்டுக்காரரையும் சேர்த்து, அவருக்கும் பெற்றோர் உரிமை கொடுக்கச் சொன்னேன். அக்கா ஃபோன் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். என் பெயர் அந்தக் குழுவில் எங்கேயும் இல்லை. நீங்களும் அண்ணன், அண்ணி இவர்களில் யார் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்கிறார்களோ அவர் ஃபோனில்தான் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த ஃபோனின் பின் நம்பர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்தால் அவர்களுக்கு அவர்களே அனுமதி கொடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் பெண் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தாள். பின் நம்பர் அவளுடைய பிறந்த நாளாக இருந்தால் வேறென்ன ஆகும்?

மலைமேல் இருப்பவர்களுக்கு, ஏன், சிக்னல் சரியில்லாத எந்த ஊருக்கும், இன்னொன்று. ஃபோனில் நேரத்தை மாற்றினால் அது டேப்லெட்டுக்குப் போய்ச் சேர இணையம் வேண்டும். ‘அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்துட்டேன், இன்னும் பூட்டியே இருக்கு’ என்று அக்கா பலதடவை திட்டியிருக்கிறாள். அதற்கு ஃபேமிலி லிங்க்கிலேயே பெற்றோர் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர் ஃபோனில் தெரியும் அந்த எண்ணைப் பூட்டிய டேப்லெட்டில் அடித்தால் திறந்துகொள்ளும், இணையம் இல்லாவிட்டாலும். எண் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பயனில்லை. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்டும் டவரும் ஒன்றாகப் போகிற ஊரில் இது பெரிய உதவி. கொடுப்பதற்கு முன் அண்ணிக்கு இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

நேரக்கணக்கைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, அது பெற்றவர்கள் பாடு. குழந்தை மருத்துவர்களுக்கான இந்திய அமைப்பு 5 முதல் 10 வயது வரை நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்று சொல்கிறது. அதில் டிவியும் சேரும். அக்கா பள்ளி நாளில் ஒரு மணி நேரம், ராத்திரி எட்டரைக்குப் பூட்டு என்று வைத்திருக்கிறாள்.

யூடியூப் விஷயத்தில் சின்னவனுக்கும் பெரியவளுக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம். யூடியூப் கிட்ஸில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று பிரிவு உண்டு. நான் சின்னவனுக்குத் தேடும் வசதியையே அணைத்துவிட்டேன். இன்னும் கெடுபிடி வேண்டுமென்றால் பெற்றோர் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் தெரிகிற மாதிரியும் வைக்கலாம். செய்து பார்த்தோம். சேனல் தேர்ந்தெடுக்கிற வேலையில் அக்கா நாலே நாளில் சலித்துவிட்டாள். கார்டு, யுபிஐ எதையும் சேர்க்காதீர்கள். ஃபேமிலி லிங்க்கில் வாங்குவதற்கு அனுமதி கேட்கும் அமைப்பை ‘எல்லாவற்றுக்கும்’ என்று வையுங்கள், இலவச ஆப்பாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் இறங்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பூட்டு. உள்ளே என்ன வைத்துக் கொடுக்கிறோம் என்பதும் இருக்கிறது. காலி டேப்லெட் கொடுத்தால் அது இரண்டே நாளில் கேம் பெட்டியாகிவிடும். இணையம் இல்லாமலும் ஓடுகிற மாதிரி நான் ஏற்றிக்கொடுத்தவை இவை. அரசுப் பாடப்புத்தகங்களின் பிடிஎஃப், அதுவும் மூன்று பருவத்துக்கும் (பருவம் மாறும்போது மாமாவைத் தேட வேண்டியதில்லை). தீக்‌ஷா ஆப், புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும், இறக்கி வைத்துக்கொள்ளலாம். மலிவு டேப்லெட்டின் கேமராவில் குறியீடு பிடிபடாவிட்டால் அதன் கீழே உள்ள ஆறு எழுத்தைத் தட்டச்சு செய்தாலும் போதும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்க் கதைகள் ஐம்பது போல இறக்கினேன். சின்னவன் படம் பார்ப்பான், பாட்டி படித்துக்காட்டும். கிவிக்ஸ் என்ற ஆப்பில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், நெட்டே வேண்டாம். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு அது பொக்கிஷம், மூன்றாவதுக்கு வேண்டாம். அப்புறம் லீசெஸ் என்ற சதுரங்க ஆப். விளம்பரம் இல்லை, காசு இல்லை, டேப்லெட்டோடேயே ஆடலாம். குகேஷ் 2024-ல் உலக சாம்பியன் ஆனதிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் சதுரங்கப் பைத்தியம். அக்கா வீட்டுக்காரர் ராத்திரி பூட்டுகிற நேரத்துக்கு முன் பையனிடமிருந்து வாங்கி ஆடுவதாகக் கேள்வி.

நீங்கள் வாங்கிவிட்டதால் எந்த மாடல் என்ற பேச்சு வேண்டாம். 32 ஜிபி டேப்லெட்டாக இருந்தால் மட்டும் ஒரு மெமரி கார்டு போட்டுக்கொடுங்கள். அந்த 32 ஜிபியில் நல்ல பங்கைச் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும், நான் சொன்ன புத்தகமும் வீடியோவும் அடங்காது. டெம்பர் கிளாஸும் கைப்பிடி வைத்த தடித்த ரப்பர் கவரும் கட்டாயம். எங்கள் சின்னவனுடையது திண்ணையிலிருந்து இதுவரை மூன்று தடவை விழுந்திருக்கிறது.

இதைப் படிக்கிற வேறு யாராவது ஐபேட் கொடுப்பதாக இருந்தால் அங்கே ஃபேமிலி ஷேரிங், ஸ்க்ரீன் டைம் என்று பெயர் வேறு, கதை ஒன்றுதான். ஸ்க்ரீன் டைமின் கடவு எண்ணும் ஐபேடைத் திறக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது.

இனி உங்களுக்கு வேலை இதுதான். தீபாவளிக்கு முன் ஜவுளி எடுக்கவோ வேறு எதற்கோ அண்ணியோ அண்ணனோ உங்கள் வீட்டுப் பக்கம் வருவார்கள் இல்லையா, அன்றைக்கு அவர்கள் ஃபோனை ஒரு மணி நேரம் வாங்கிவிடுங்கள். ஓடிபி அந்த ஃபோனுக்குத்தான் வரும், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தைக் கணக்கின் மெயிலையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள். எங்கள் அக்கா அதை ரேஷன் கார்டு உறையில் வைத்திருக்கிறாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பெட்டி பிரித்தது தெரிந்துவிடும்.