செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய மர பார் கவுண்டர் வெளுத்து, கறை படிந்து கிடக்கிறது. வீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா?

முடியும். ஆனால் உப்புத்தாளை இப்போதைக்கு எடுக்காதீர்கள். செதுக்கல் பாழாவது பெரும்பாலும் அதனால்தான். இலை நுனியும் இதழ் விளிம்பும் மழுங்கி, கரைந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும்.

முதலில் பழைய பூச்சு எதுவென்று பாருங்கள். மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர் (lacquer) பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷோ, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சோ. பூச்சை இளக்கி எடுக்கும் ஜெல் ரிமூவர்தான் வழி. பெயின்ட் அடித்திருந்தால் உலர்ந்தபடி தேய்க்கவே வேண்டாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

ரிமூவரைத் தடிப்பாகப் பூசி, காய்வதற்குள் நைலான் பிரஷ்ஷால் எடுங்கள். குழிகளுக்குச் சீவிய மூங்கில் குச்சி போதும். இரும்பு பிரஷ், இரும்பு நார் கூடாது: உடைந்த இழை மர ரேகைக்குள் தங்கித் துருப்பிடித்து, கரும்புள்ளியாகத் தெரியும். குழியில் உள்ள கருமையை முழுக்கச் சுரண்டிவிடாதீர்கள், செதுக்கலுக்கு ஆழம் தருவதே அதுதான்.

மேற்பலகையில் வெள்ளை வளையம் இருந்தால் அது பூச்சுக்குள் புகுந்த ஈரம், பூச்சோடு போய்விடும். கருவளையம் மரத்திலேயே ஊறியது, இரும்பும், மரத்தில் இயல்பாக உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறை. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 முதல் 80 கிராம் ஆக்ஸாலிக் அமிலம், பிளாஸ்டிக் பாத்திரத்தில். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கறையில் மட்டும் தடவினால் அங்கே திட்டாக வெளுக்கும், பலகை முழுவதும் பூசுங்கள். வெயிலில் சாம்பல் பூத்த மரமும் இதிலேயே தெளியும். பிறகு மூன்று முறை நீரால் துடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். அமிலம் மிச்சமிருக்கும்போது தேய்த்தால் கிளம்பும் தூசி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு, ஒட்டிய பலகையா என்று விளிம்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வெனீர் என்றால் தண்ணீரை அளந்து விடவேண்டும். பழைய வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சியது) ஈரத்தில் இளகி, வெனீர் கொப்புளம் விடும். சாண்டிங் மெஷினும் ஆகாது. கையால், ரேகைப் போக்கில் 180, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். வெனீர் இல்லாத முழு மரம் என்றால் 120-இல் தொடங்கலாம்.

ஆடும் மூட்டுகளில் பழைய பசையை வெந்நீர்த் துணியால் இளக்கிச் சுரண்டியபின்தான் புதுப் பசை. அதன்மேலேயே வெள்ளைப் பசை போட்டால் பிடிக்காது. மரத்தில் உள்ள பூச்சித் துளைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் பூச்சி உயிரோடிருக்கிறது. பூச்சு போடுமுன் வெறும் மரத்தில் பூச்சியைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசல் தடவுங்கள்.

செதுக்கலுக்கு அரக்கு பாலிஷோ துடைத்தெடுக்கும் எண்ணெயோ, மெல்லிசாக. கெட்டி வார்னிஷ் குழியில் தேங்கிப் பளபளக்கும், பார்க்கச் சகிக்காது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

மேற்பலகைக்கு மட்டும் அரக்கு வேண்டாம். அதைக் கரைப்பதே ஆல்கஹால்தான், ஒரு சொட்டு மது சிந்தினாலும் தடம் விழும். எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் நான்கு கை (நான்கு பூச்சு) கொடுங்கள். முதல் கையில் மட்டும் பத்து சதவீதம் டர்பன்டைன் கலந்து இளக்குங்கள். கைக்குக் கை 24 மணி நேர இடைவெளி, நடுவில் 320 உப்புத்தாளால் லேசான தேய்ப்பு. பலகையின் அடிப்பக்கத்துக்கும் பூசுங்கள், இல்லாவிட்டால் வளையும். இரண்டு நாளில் தொட்டால் காய்ந்தாற்போல இருக்கும், ஆனால் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை ஈரக் கிளாஸை வைக்காதீர்கள்.