குரல் உரையாடல்: யார் எப்போது பேசுவது? – கேள்வி பதில்

தொலைபேசிக் குரல் சேவைகளுக்கு உரையாடல் வடிவமைப்பது என் தொழில். வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் இவை.

அக்கா, கல்லூரித் திட்டத்துக்காக ஒரு குரல் உதவியாளர் செய்தேன். நான் யோசிக்கச் சற்று நிறுத்தினாலே குறுக்கே பேசுகிறது. காத்திருப்பைக் கூட்டினால் மந்தமாகிவிடுகிறது. எத்தனை மில்லி விநாடி வைப்பது?

மௌனத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஆமாம்-இல்லை கேள்விகளுக்கு மனிதர்கள் சராசரியாக 200 மில்லி விநாடி அளவில் பதில் சொல்வது தெரிந்தது. ஒரு சொல்லை மனத்தில் எடுத்து வாயால் சொல்வதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அப்படியானால் நாம் யாரும் மௌனத்துக்காகக் காத்திருப்பதில்லை. எதிராளி எங்கே முடிக்கப்போகிறார் என்று முன்பே கணித்துவிடுகிறோம்.

ஆகவே ஒரே எண்ணை எல்லா இடத்துக்கும் வைக்காதீர்கள். ‘ஆமாம்’ என்றவுடன் பதில் சொல்லலாம். தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது ஐந்தாம் இலக்கத்தில் நின்றால் தாராளமாகக் காத்திருங்கள். ‘திருச்சியிலிருந்து’ என்று வாக்கியம் தொங்கினாலும் அப்படியே. தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்யவா, வேண்டாமா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்பே வெட்டினால் கருவி நேர் எதிரான பொருளைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

நான் ‘ம்’ என்றாலே எங்கள் கருவி பேச்சை நிறுத்திவிடுகிறது. குறுக்கிடும் வசதியையே எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். நீளமான பட்டியலை வாய்மூடிக் கேட்கச் சொல்வது கொடுமை. முதலில் கருவியின் சொந்தக் குரல் அதன் மைக்குக்குத் திரும்பவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு ‘ம்’, ‘சரி’ போன்ற சிறு ஒலிகளுக்கு நிறுத்தாமல், பேச்சு தொடர்ந்தால் மட்டும் நிறுத்தச் செய்யுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. எந்தச் சொல்லில் குறுக்கிட்டார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். மூன்று ரயில்களை வரிசையாகச் சொல்லும்போது இரண்டாவதில் ‘அதுவே போதும்’ என்றால், அவர் கேட்டது இரண்டைத்தான். முழுப் பட்டியலையும் சொல்லி முடித்ததாக நினைவில் வைத்திருக்கும் அமைப்பு மூன்றாவதைப் பதிவு செய்துவிடும்.

மேடம், மருத்துவமனை முன்பதிவுப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு விவரத்தையும் ‘சரியா?’ என்று கேட்பதால் நோயாளிகள் சலித்துக்கொள்கிறார்கள்.

அவர்கள் சலிப்பது நியாயம். கேட்டதை அடுத்த கேள்விக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்: ‘வியாழக்கிழமை, தோல் மருத்துவர். காலையா, மாலையா?’ இதற்கு ‘இல்லை, வெள்ளி மாலை’ என்று பதில் வந்தால் திருத்தம், புது விவரம் இரண்டையும் ஒன்றாக ஏற்க வேண்டும். அது முடியாத அமைப்பில் இந்த முறை ஆபத்து, ஏனென்றால் தயங்குபவர்கள் தவறான நாளோடு ஒத்துப்போய்விடுவார்கள். பணம் கட்டுவதற்கும் ரத்து செய்வதற்கும் மட்டும் நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

புரியாதபோது ‘மீண்டும் சொல்லுங்கள்’ என்பதைத் தவிர வேறு வழி உண்டா? என் அப்பா கத்தத் தொடங்கிவிடுகிறார்.

கத்தும்போதும் எழுத்தெழுத்தாக இழுக்கும்போதும் பேச்சைச் சொற்களாக்கும் பேச்சறிதல் மேலும் தடுமாறும், ஏனென்றால் அது பழகியது பெரும்பாலும் இயல்பான பேச்சில். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கூட்ட அறை முன்பதிவு செய்யும் குரல் அமைப்பில் ஓர் ஆய்வு நடந்தது, 2005இல் வெளியானது. புரியாத கேள்வியைப் பிடித்துத் தொங்காமல் வேறு கேள்விக்கு நகர்வது அதில் நல்ல பலன் தந்தது. பஸ் சேவை என்றால், நிறுத்தத்தின் பெயர் புரியவில்லையா, பஸ் எண்ணைக் கேளுங்கள். அதுவும் தவறினால் எண் விசைகளைக் கொடுங்கள், அல்லது மனிதரிடம் இணையுங்கள். மனிதரை அடையும் வழியை ஒளித்துவைக்கும் சேவைகளை என்னால் ஏற்கவே முடியாது.

பதில் தயாராக நேரமாகிறது. இடையில் ‘ஒரு நிமிடம்’ என்று சொல்ல வைக்கலாமா?

‘பார்க்கிறேன்’ என்பது உண்மையிலேயே தேடும்போது மட்டும். ஒவ்வொரு முறையும் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும்.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் வந்த பிறகு, எது முடிவானது, அடுத்து என்ன கேட்பது என்று பார்க்கும் உரையாடல் மேலாண்மை என்று தனியாக ஏதாவது தேவையா?

தேவை, முன்னைவிட அதிகமாக. 1977இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தார் வெளியிட்ட ‘கஸ்’, விமானப் பயணத்துக்கான எழுத்து உரையாடல் அமைப்பு. ஊர், நாள், நேரம் என்ற கட்டங்களை எந்த வரிசையில் சொன்னாலும் நிரப்பிக்கொள்ளும். பிறகு கேம்பிரிட்ஜில் ஸ்டீவ் யங் குழுவினர், கேட்டது ‘இதுதான்’ என்று முடிவுகட்டாமல் பல சாத்தியங்களை அவற்றின் நிகழ்தகவுகளோடு சுமந்து செல்லும் முறையை வளர்த்தார்கள். மொழி மாதிரி வந்ததால் இந்த இரண்டு தேவைகளும் மறையவில்லை. எது ஒப்புக்கொள்ளப்பட்டது, எது சந்தேகம் என்ற கணக்கை மாதிரிக்கு வெளியே வையுங்கள். முன்பதிவுக் கணினி பதிவு எண்ணைத் திருப்பித் தரும் வரை ‘பதிவாகிவிட்டது’ என்ற வாக்கியம் வெளியே வரவே கூடாது.

நிரல் எழுதும் முன்பே சோதிக்க முடியுமா?

முடியும். தொலைபேசி எடுத்துப் பழகிய ஒருவரை அடுத்த அறையில் அமர்த்தி, இயந்திரம் போலப் பதில் சொல்ல வையுங்கள். எழுதிய வாக்கியங்களைத் தவிர அவர் எதுவும் சொல்லக் கூடாது. சோதனையில் பேச வருபவரிடம் பேச்சைப் பதிவு செய்ய முன்பே அனுமதி வாங்குங்கள். முடிந்ததும், பதில் சொன்னது மனிதர்தான் என்ற உண்மையைச் சொல்லிவிடுங்கள். அடுத்த அறையில் இருந்தவர் நீங்கள் எழுதிக்கொடுத்ததை மீற நினைத்த இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, அங்கிருந்து வடிவமைப்பைத் தொடங்குங்கள்.